வடலூரின் அணையா அடுப்பு

கடலூர் மாவட்டம் வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்க அடிகள் பசித்தோருக்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த அவர், அதற்கு முன் பல ஆண்டுகள் கருங்குழியில் தங்கியிருந்தார். பார்வதிபுரம் ஊரார் தருமச்சாலைக்காக 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். சத்திரங்கள் பலவற்றில் பந்தி சாதி பார்த்துப் பிரிந்திருந்த காலத்தில், பசி ஒன்றே இங்கே தகுதியாகக் கொள்ளப்பட்டது. அன்றைய தமிழகத்தில் இது சிறிய துணிவல்ல.

திறப்பு நாளில் வள்ளலாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ வாசிக்கப்பட்டது. பசியை ஆற்றுவதே முதன்மையான வழிபாடு என்பது அந்நூலின் கருத்து. முந்தைய ஆண்டில்தான் ஒடிசாவையும் சென்னை மாகாணத்தின் கஞ்சம் பகுதியையும் கொடும் பஞ்சம் வாட்டியிருந்தது. பத்தாண்டுக்குள் அதைவிடப் பெரிய தாது வருடப் பஞ்சம் வந்தது. வள்ளலார் மூட்டிய அடுப்போ இன்றுவரை அணையாமல் எரிவதாகப் போற்றப்படுகிறது.

வடலூரில் வள்ளலார் நிறுவிய வழிபாட்டிடமான சத்திய ஞானசபை 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் கண்டது. அதுமுதல் தைப்பூசமே வடலூரின் பெருவிழா. சுற்று ஊர்களிலிருந்து அரிசியும் காய்கறியும் தருமச்சாலையில் வந்து குவியும். விளைச்சல் கண்ட உழவர் நன்றி செலுத்தும் முறை இதுவே. விழாவுக்கு வந்தவரும் போக்கிடம் இல்லாதவரும் ஒரே வரிசையில் உண்கின்றனர். திருவிழா முடிந்த பின்னும் பந்தி தொடர்கிறது. தருமச்சாலையை இப்போது இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கிறது.