குழந்தைகளின் கிட்டப்பார்வை மேலாண்மை

வளரும் பருவத்தில் கண்கோளம் மிகையாக நீள்வதால் உண்டாகும் கிட்டப்பார்வையைத் திருத்தவும், அது கூடும் வேகத்தைக் குறைக்கவும் கையாளப்படும் கண் மருத்துவ முறைகள். -0.50 டயாப்டர் முதல் கிட்டப்பார்வை எனவும், -6.00-ஐத் தாண்டினால் உயர் கிட்டப்பார்வை எனவும் வகுப்பர். பின்னாளில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் ஆகியவற்றுக்கான வாய்ப்பை இந்த நீட்சி கூட்டுகிறது.

சாதாரணக் குழிலென்சுக் கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், நீட்சியைத் தடுக்காது. பவரை வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தால் பயனில்லை. பெற்றோர் சிலர் இன்றும் அதையே கேட்பதுண்டு.

சிங்கப்பூரில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, 1% அட்ரோபின் சொட்டு மருந்து பவர் ஏற்றத்தைக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அம்மருந்தால் கண்மணி விரிந்து வெயிலில் கண் கூசும், புத்தக எழுத்து மங்கும். நிறுத்தியதும் பவர் விரைந்து ஏறும். எனவே 0.01% முதல் 0.05% வரையிலான செறிவுகள் வழக்குக்கு வந்தன. 2019இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், ஒப்பிட்ட மூன்று குறைசெறிவுகளில் 0.05% கூடுதல் பலன் தந்தது. சிறப்பு வடிவக் கண்ணாடிகள், பகலில் அணியும் மென் கான்டாக்ட் லென்சு, உறங்கும்போது அணியும் கடின லென்சு ஆகியன பிற முறைகள்.

தைவான் பள்ளிகளில் 2010 முதல் நாளொன்றுக்கு 120 நிமிட வெளிப்புற நேரம் வலியுறுத்தப்படுகிறது. பகல் வெளிச்சம் கிட்டப்பார்வை தோன்றுவதைத் தள்ளிப்போடுகிறது. நீண்டுவிட்ட கண்கோளத்தை இம்முறைகளில் எதுவும் பழைய அளவுக்குக் கொண்டுவருவதில்லை.