சாமி சிலையில் பச்சை பூத்தால் எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?

திருவிழாவுக்கு முன்னாடி உற்சவமூர்த்தியையும் பழைய விளக்குகளையும் எலுமிச்சை, உப்பு போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடலாம்னு சிலர் கேட்கிறாங்க. ஆசை நல்ல ஆசைதான். ஆனா சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக் கதையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்.

படையெடுப்புக் காலங்களில் நம் முன்னோர் பல செப்புத் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். பல நூற்றாண்டுக்குப் பிறகு, உழும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் அவை வெளியே வந்தன. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பல திருமேனிகள், 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மண்ணிலிருந்த உப்பும் கூடவே போனது. அதுதான் வினை. செம்பும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்த ஒரு பொருள் உள்ளே ஒளிந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும்; அப்போது உண்டாகும் அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். இதற்குப் பெயரே வெண்கல நோய். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் ஈரம் இருந்தால் நிற்காது. (ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொன்ன சைவப் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!)

1930-இல், கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்தபோது, அங்கே இதற்கென்றே ஒரு வேதியியல் ஆய்வகம் வந்தது. பரமசிவன் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். காஸ்டிக் சோடா கலந்த நீரில் சிலையை இறக்கி, மெதுவாக மின்சாரம் செலுத்தி, குளோரைடை வெளியே இழுக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. பிறகு சுத்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெடும். அப்படியும் அரித்துப்போன முகமும் விரலும் திரும்பி வராது, மிச்சம்தான் பிழைக்கும்.

இப்போ நம்ம பெக்கான் நானாஸ். பொந்தியான் கடல் தூரமில்லை, மழைக்கும் குறைவில்லை. இதில் உப்பையும் நாமே தேய்த்துக் கொடுக்கணுமா? புளி, எலுமிச்சை, கடை பாலிஷ் எல்லாமே நுணுக்க வேலைப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துவிடும். கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கரும்பச்சையைக் கண்டு பயப்பட வேணாம், அது பெரும்பாலும் உலோகத்துக்குப் போர்வைதான். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைதான் ஆபத்து.

அதனால் அபிஷேகம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் மடிப்பு, பீடத்தின் அடி எல்லாம் ஈரம் போகத் துடைக்கணும். ஈரத்தோடு பட்டு சாத்தக் கூடாது. வெளிர்பச்சைப் பொடியைப் பார்த்தால் சுரண்டாமல், படம் எடுத்து குருக்களிடமும் எங்களிடமும் காட்டுங்க. விளக்கு, மணி, சூலம் எதுவானாலும் சரி.