கம்பளித் துணி வந்த வழி

தில்லியிலும் கான்பூரிலும் பணி ஏற்று வரும் தமிழர் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்ள நேரும் பாடம் குளிர்காலம். மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பழகியவர்கள் நாம். வேட்டியை விரலால் வருடிப் பார்த்து, இது எண்பதாம் நம்பர் நூல், இது நூறாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அத்தகையோரும் கம்பளித் துணிக் கடையில் வாயடைத்து நிற்கின்றனர். ஒரு சூட்டுக்குரிய துணியும் தையற்கூலியும் சேர்ந்தால், இளம் எழுத்தர் ஒருவரின் மாத ஊதியத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். அப்பணம் வீண்போகாதிருக்க வேண்டுமாயின், அத்துணியின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம். கடைக்காரர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவ்வரலாற்றிலிருந்து வந்ததே.

கம்பளி நெசவு தமிழர் அறியாத தொழில் அன்று. புகாரின் வீதிகளை வருணிக்கும்போது, பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நெய்யும் நெசவாளரின் இருப்பிடத்தைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. மதுரையின் அறுவை வீதியிலும் மயிரால் நெய்த துணிகள் அடுக்கப்பட்டிருந்தன என்று அக்காப்பியம் கூறுகிறது. ஆயினும் வெப்ப நாட்டில் அத்தொழில் பருத்தியைப் போலப் பெருகவில்லை. எனவே சொற்களும் பெருகவில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஆங்கிலத்தில் உல்லன் என்றும் வொர்ஸ்டெட் என்றும் இரு சொற்கள் உள. தமிழில் இரண்டும் கம்பளியே. ஆனால் அவை இருவேறு துணிகள். ஆட்டு மயிரில் நீண்டதும் குட்டையும் கலந்தே இருக்கும். அவற்றைப் பிரிக்காமல் சிக்கெடுத்து மட்டும் நூற்றால், நூல் பருத்துப் பஞ்சுபோல் இருக்கும். இடையே காற்று தங்குவதால் கதகதப்பு மிகுதி. இது உல்லன், கனத்த மேற்கோட்டுக்கும் போர்வைக்கும் உரியது. சீப்பிட்டு வாரி, குட்டை மயிரை நீக்கி, நீண்ட மயிரை இணையாக அடுக்கி முறுக்கினால் நூல் மெல்லியதாகவும் வழுவழுப்பாகவும் அமையும். இதனைச் சீவிய கம்பளி எனலாம். இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்திலுள்ள வொர்ஸ்டெட் என்னும் சிற்றூரின் பெயரே இத்துணிக்கு நிலைத்தது. மடிப்புக் கலையாது நிற்கும் சூட்டுக்கு இதுவே ஏற்றது.

இடைக்கால இங்கிலாந்தின் செல்வம் ஆட்டு மயிரில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் தலையாய ஏற்றுமதிப் பொருள் அதுவே. அதன் அடையாளமாகப் பிரபுக்கள் சபையில் அவைத் தலைவர் அமரும் இருக்கை இன்றும் கம்பளி அடைத்த மெத்தையாகவே உள்ளது. எனினும் மிக மெல்லிய மயிர் ஸ்பெயின் நாட்டு மெரினோ ஆட்டுக்கே உரியதாயிருந்தது. 1273இல் மன்னர் பத்தாம் அல்போன்சோ ஆட்டுமந்தை உரிமையாளர் சங்கத்துக்குச் சாசனம் வழங்கினார். மெரினோ ஆடு நாட்டெல்லை கடவாதபடி நெடுங்காலம் தடை இருந்தது. 1765இல் சாக்சனிக்கும், 1786இல் பிரான்சு நாட்டு ராம்பூயே பண்ணைக்கும் மெரினோ மந்தைகள் சென்றபோதுதான் அக்கட்டு தளர்ந்தது. 1797இல் நன்னம்பிக்கை முனை வழியாகச் சில மெரினோ ஆடுகள் ஆஸ்திரேலியாவை அடைந்தன. அக்கண்டத்தின் புல்வெளிகளில் அவை பெருகின. இன்று உலகின் மெல்லிய கம்பளியில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது.

அம்மயிரை நூலாக்கித் தரம் பிரித்த நகரம் பிராட்ஃபோர்டு. ஒரு பவுண்டு எடையுள்ள சீவிய கம்பளியிலிருந்து 560 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நூற்கலாம் என்பதே அந்நகரின் கணக்கு. அறுபத்து நான்காம் தரம் என்றால் 64 சிட்டங்கள். அதாவது 35,840 கெஜம், ஏறத்தாழ 20 மைல் நூல். நம் வேட்டி நூலின் நம்பரும் இத்தகைய கணக்கே என்பதை நேயர்கள் உணரலாம். எண் ஏறஏற நூல் மெல்லியதாகும்.

இன்று கடைகளில் காணும் சூப்பர் 100, சூப்பர் 120 என்னும் முத்திரைகள் இக்கணக்கின் வழித்தோன்றல்களே. இப்பொழுது சிட்டங்களை எண்ணுவதில்லை. மயிரிழையின் தடிமனை மைக்ரானில் அளக்கின்றனர். பன்னாட்டுக் கம்பளி நெசவு அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்பதன் இழை 18.75 மைக்ரானுக்கு மேற்படலாகாது. சூப்பர் 120 என்பது 17.75 மைக்ரானுக்கு மேற்படலாகாது. இந்த எண் மென்மையைக் காட்டுமேயன்றி உழைப்பைக் காட்டாது. பேருந்திலும் அலுவலக நாற்காலியிலும் நாள்தோறும் உராயும் சூட்டுக்கு மிக உயர்ந்த எண் தேவையில்லை. அது விரைவில் தேய்ந்து பளபளக்கும்.

நம் நாட்டு ஆலைகளின் கதையும் அறியத்தக்கது. 1833இல் காஷ்மீரத்தைத் தாக்கிய கொடும்பஞ்சத்தால் சால்வை நெசவாளர் பலர் பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்தனர். அமிர்தசரசிலும் லூதியானாவிலும் கம்பளித் தொழில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றோரின் கைத்திறன் அவ்வூரின் புகழாக மாறியதற்கு இது சான்று. 1876இல் கான்பூரில் ஆங்கிலேயர் சிலர் ஒரு கம்பளி ஆலையை நிறுவினர். லால் இம்லி, அதாவது செம்புளி, என்பது அதன் பெயராயிற்று. பஞ்சாபில் தாரிவால் ஆலையும், 1925இல் பம்பாயை அடுத்த தாணாவில் ரேமண்ட் ஆலையும் எழுந்தன. படைவீரருக்குப் போர்வை நெய்த கான்பூர் ஆலை வடநாட்டு இல்லங்கள்தோறும் அறிந்த பெயராய் விளங்கியது. 1981இல் அரசுடைமையான பின்னரும் அது நலிவுற்று, அதன் தறிகள் ஓசை அடங்கின.

இவ்வாலைகளின் சூட்டுத் துணிக்கு வேண்டிய மெல்லிய மயிர் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. நம் ஆடுகளின் மயிர் மிகுதியும் கம்பளங்களுக்கே ஏற்ற முரட்டு வகை. இதற்கு ஒரு விலக்கு நம் நீலகிரியில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் மெரினோவும் செவியட்டும் கலந்து உருவான நீலகிரி ஆடு மெல்லிய மயிர் தருவது. உதகைக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணி வருகிறது.

மற்றொரு வரலாறும் உண்டு. 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் கந்தலைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டார். அதற்கு ஷாடி என்று பெயர். இன்று பானிபத் நகரம் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. மேல்நாட்டார் கழித்த உடைகள் அங்கே மீண்டும் போர்வைகளாகின்றன. எளியோர் பலருக்குக் குளிர் தாங்கும் துணை அதுவே; ஆகவே அது இகழத்தக்கதன்று. ஆனால் அதன் இழை குட்டையானது, இழுவை தாங்காது. அதனைப் புதுக் கம்பளி விலைக்கு விற்பதே குற்றம். 1941இல் இங்கிலாந்தில் பிறந்த டெரிலின் இழை கலந்த துணியும் அவ்வாறே. கலப்பு என்று சொல்லி விற்றால் நேர்மை, சொல்லாமல் விற்றால் ஏமாற்று.

இனி, கடையில் செய்யத்தக்கவை சில. முதலில் துணியின் ஓரத்தில் நெய்துள்ள எழுத்துகளைப் படியுங்கள். வெளிநாட்டுப் பெயரைக் கண்டு மயங்காமல், கம்பளி எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுகக் கசக்கி விடுங்கள். நல்ல சீவிய கம்பளி சற்று நேரத்தில் தன் நிலைக்கு மீளும். மடிப்பு அப்படியே நின்றால் ஐயுறுக. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவு சீராக இருத்தல் வேண்டும். ஓரத்திலிருந்து ஓரிழையை உருவித் தீயிலிட்டால் கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் தானே அணைந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். உருகி உருண்டு கெட்டியானால் அது செயற்கை இழை. இரண்டும் தென்பட்டால் கலப்பு.

எடையையும் கேளுங்கள். சென்னைக்கும் சேர்த்து வாங்குவோருக்கு மீட்டருக்கு 250 கிராம் அளவான துணி போதும். தில்லித் தை மாதத்துக்கு 350 கிராமுக்குக் குறையாதது வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலத் துணியாயின் நடுத்தர உடலினருக்கு மூன்றேகால் மீட்டர் போதுமானது. வெட்டுமுன் துணியை நீராவியில் சுருங்கவிடுமாறு தையற்காரரிடம் சொல்லுங்கள். வேனிற்காலத்தில் துலக்கி, வெயிலில் காட்டி, வேப்பிலையிட்டு மூடி வையுங்கள். அழுக்குப் படிந்த கம்பளியையே அந்து முதலில் நாடும்.

நம் பெரியவர்கள் வேட்டி நூலின் நம்பரைப் பள்ளியில் பயிலவில்லை. தொட்டுத் தொட்டே அறிந்தனர். கம்பளியும் அவ்வாறே பழகும். வாங்கும் எண்ணம் இல்லாத நாளிலும் இரண்டொரு கடைகளில் ஏறி, உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்து வாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் விரல் பழகிவிட்டால், கார்த்திகையில் பணப்பையைத் தயக்கமின்றித் திறக்கலாம்.