பொட்டி தட்டுறவனும் பொட்டி ஏத்துறவனும்

மென்பொருள் வேலையை நாம "பொட்டி தட்டுறது"ன்னு கிண்டலாச் சொல்லுவோம். அது இப்போ நெசமாவே பொட்டி வேலை ஆயிடுச்சு மக்களே. டாக்கர், குபெர்நெட்டிஸ் எல்லாமே கன்டெய்னர் சமாச்சாரம். அதோட பூர்வீகத்தைத் தோண்டினா அங்க நிக்கிறது ஒரு லாரிக்காரர். நாமக்கல்காரன் எழுதாம வேற யார் எழுதறது? :-)

எங்க சித்தப்பா நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறைல இருந்தவர். முட்டை லோடுக்கு ஒரு பாடி, கேஸ் டேங்கருக்கு வேற, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு வேற. சரக்குக்குத் தக்கன வண்டி. எந்த இடத்துல என்ன வெல்டிங்னு கட்டினவருக்குத்தான் தெரியும்.

மால்கம் மெக்லீன் இதைத் தலைகீழாக்கினார். அமெரிக்காவில் வட கரோலினாக்காரர், லாரி கம்பெனி முதலாளி. பஞ்சு மூட்டையை இறக்க துறைமுகத்தில் நாள் முழுக்க காத்துக் கிடந்தப்போதான் இந்த யோசனை வந்ததா பிற்பாடு சொல்லியிருக்கார். (லோடுக்குக் காத்துக் கிடக்கிற அவஸ்தை நம்மூரு டிரைவர்களுக்குச் சொல்லணுமா என்ன!) 1956 ஏப்ரல் 26-ல் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பொட்டிகளோட நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்புச்சு. சில்லறையா ஏத்தினா டன்னுக்கு 5 டாலர் 80 சென்டுக்கு மேல ஆன கூலி, 16 சென்டுக்குள்ள அடங்கிடுச்சு. இந்தியாவுக்கு, கொச்சிக்கு, கன்டெய்னர் கப்பல் வந்தது 1973-ல். உள்ள என்ன இருக்குன்னு டிரைவருக்கோ கிரேனுக்கோ தெரிய வேண்டியதில்லை. சூட்சுமம் அவ்ளோதான்.

எங்க சர்வர்களும் சித்தப்பா கட்டின பாடி மாதிரிதான் இருந்துச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனியில் புது வெர்ஷன் ஏத்த ஒரு நோட்டுல 43 படி எழுதி வெச்சிருப்பேன். ஒரு ராத்திரி 31-வது படியை விட்டுட்டேன். விடியற வரைக்கும் சைட் படுத்துடுச்சு. "என் மெஷின்ல ஓடுச்சே"ன்னு அழாத குறை.

தீர்வு திடீர்னு வரலை. 1979-லயே யூனிக்ஸ்ல 'சிஎச்ரூட்' வந்து, ஒரு புரோகிராமைத் தனி டைரக்டரிக்குள்ள அடைச்சுது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்'. ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரி, சிபியூ தின்னலாம்னு அளந்து போடுற 'சிகுரூப்ஸ்', கூகுள் ஆட்கள் தொடங்கினது, 2008-ல் லினக்ஸ் கெர்னல்ல சேர்ந்துச்சு. 2013 மார்ச்ல பைகான் மாநாட்டுல சாலமன் ஹைக்ஸ் அஞ்சே நிமிஷத்துல டாக்கரைக் காட்டினார். சரக்கு, லைப்ரரி எல்லாம் ஒரே பொட்டி. 'டாக்கர் ரன்'னு ஒரு வரி அடிச்சா ஓடும். லோகோவே முதுகுல கன்டெய்னர் சுமக்குற திமிங்கலம்தான்!

பொட்டி ஆயிரக்கணக்குல ஆனா யார் மேய்க்கிறது? 2014-ல் கூகுள் குபெர்நெட்டிஸை வெளியிட்டுச்சு. கிரேக்கத்துல சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம். எனக்கு அது லாரி புக்கிங் ஆபீஸ் மாதிரி. "மூணு வண்டி ஓடிட்டே இருக்கணும்"னு எழுதி 'குபெக்டில் அப்ளை' குடுத்தாப் போதும். ஒண்ணு பிரேக்டவுன் ஆனா இன்னொண்ணை அதுவே அனுப்பிடும். புது வெர்ஷன் சொதப்பினா 'ரோல்அவுட் அன்டூ', பழைய பொட்டி திரும்ப வந்துடும். ஆனா டேட்டாபேஸ்ல மாத்தினது திரும்பாது. இதையும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

போன பொங்கலுக்கு சித்தப்பாகிட்ட இதையெல்லாம் பெருமையா விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஏங்கண்ணு, அந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க என்ன ஆனாங்க?"ன்னார்.

பல ஊர்த் துறைமுகங்கள்ல வேலையே போச்சுங்க சித்தப்பா, வேலைநிறுத்தமெல்லாம் நடந்துச்சுன்னு சொன்னேன்.

"சரி, அந்த 43 படிக்காரன்?"

பதில் சொல்லலை. அந்த நோட்டு இன்னும் என் பீரோவுல இருக்கு.