சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி என்பது மீனம்பாக்கத்திலுள்ள சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இலங்கையின் வடக்கே பலாலியிலுள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் வழியாகும். இரண்டும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டை அண்டியே அமைந்துள்ளதால் வானூர்தி ஏறக்குறைய நேர் தெற்காகச் செல்கிறது. நேர்கோட்டுத் தொலைவு சுமார் 355 கி.மீ. ஆகும். இங்கு இயக்கப்படும் ஏடிஆர் 72 வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. எனினும் ஓடுபாதை நகர்வு, ஏற்றம், இறக்கம் ஆகியவற்றையும் சேர்த்து அட்டவணையில் பயண நேரம் ஒன்றேகால் மணி அளவில் குறிக்கப்படுகிறது. 2006 முதல் இரு நாடுகளின் சீர்நேரமும் ஒன்றே.

எயர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரில் தன் முதற் பறப்பை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் இல்லாதிருந்த இத்தொடர்பை 2019 நவம்பர் 11 இல் அலையன்ஸ் ஏர் புதுப்பித்தது. 2020 மார்ச்சில் கொரோனாப் பரவலால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டது. இண்டிகோ 2024 செப்டம்பர் 1 இல் இவ்வழியில் சேவையைத் தொடங்கியது.

நேரடிச் சேவை இல்லாத காலத்தில் வான்வழி செல்வோர் யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தரைவழியாக வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அமைந்துள்ள கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் சாலைவழி சுமார் 60 கி.மீ. ஆகும், நகர நெரிசலில் இப்பயணம் பலாலிக்கான பறப்பை விட நீண்டுவிடுவதும் உண்டு.