கல்லமேட்டு எலும்பும் இரண்டு மீட்டர் என்ற அளவும்

நீலத் திமிங்கலத்துக்கு ஈடான தரைவிலங்கு ஒன்று அரியலூரில் திரிந்தது என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவது எளிது. கிரிகரி பால், அசியர் லாரமெண்டி ஆகிய இருவரும் 2023இல் 'லெதாயா' இதழில் எழுதிய கட்டுரை அதற்கு இடம் தருகிறது. அவ்விலங்கான புருஹத்காயோசாரஸ் மேட்லேயி என்ற டைனோசரின் எடையை அவர்கள் 110 முதல் 170 டன் வரை கணிக்கிறார்கள். சான்றுகள் அரைகுறையானவை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை மறைந்து, எண் மட்டும் பரவுகிறது.

இவ்விலங்குக்குப் பெயரிட்டவர்கள் யாதகிரியும் அய்யாசாமியும். முதலில் அவர்கள் இதை ஊன் உண்ணும் டைனோசராகவே வகைப்படுத்தினர். நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்தை 1995இல் சங்கர் சாட்டர்ஜி முன்வைத்தார், இன்று அதுவே ஏற்கப்படுகிறது. இது எலும்பே அல்ல, கல்லான மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. 2022இல் பால், அய்யாசாமி இருவரும் களப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகு அந்த ஐயத்துக்கு வலு குறைந்தது. (இந்தப் பால் வேறு, கிரிகரி பால் வேறு.)

என் கேள்வி வகைப்பாட்டைப் பற்றியதல்ல, கீழ்க்கால் எலும்பின் நீளமாகத் தரப்பட்ட இரண்டு மீட்டரைப் பற்றியது. மூல எலும்புகள் உதிர்ந்து போயின, எஞ்சியிருப்பவை கோட்டோவியங்களும் சில படங்களுமே. ஆகவே எடைக் கணிப்பு முழுவதும் மறுபடி அளக்க முடியாத ஓர் அளவின் மீது நிற்கிறது. எடையோ நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இரண்டு மீட்டர் 1.8 மீட்டரானால் நீளத்தில் குறைவது 10 விழுக்காடுதான், எடையிலோ 27 விழுக்காடு. அவர்களின் கணிப்பு வரம்புக்குள் வரும் 130 டன் அப்போது 95 டன்னாகிவிடும்.

அந்த 20 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்திருக்கும்? எலும்பு கிடைத்த கல்லமேட்டுப் படிவுகளில் களிமண் உண்டு. களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதற்குள் கிடக்கும் எலும்பு குறுக்கே பிளந்து துண்டுகள் விலகினால், தரையில் நாடா வைத்து அளப்பவர் இடைவெளியையும் சேர்த்தே அளப்பார். இரண்டு சென்டிமீட்டர் வீதம் பத்து விரிசல் போதும். இப்படித்தான் நடந்தது என்று நான் நிறுவவில்லை. ஆனால் வெளியே எடுத்ததும் உதிரும் அளவுக்கு நொறுங்கிய எலும்பு, மண்ணுக்குள் மட்டும் தன் நீளம் மாறாமல் இருந்தது என்று கொள்ள எந்தக் காரணமும் இல்லை. எலும்பு உதிர்ந்த செய்தியை இழப்பாக எல்லோரும் பேசுகிறார்கள், அளவைப் பற்றிய சாட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

95 டன் என்றாலும் பேருருவம்தான். அர்ஹென்டினோசாரஸுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 70, 80 டன்னை அது தாண்டுகிறது. ஆகவே பெரிய விலங்கு என்பதை நான் மறுக்கவில்லை. திமிங்கலத்தோடு நிறுத்தும் ஒப்பீடுதான் தாங்காது.

காலக் கணிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனப் பிரித்த பாறைத்தொகுதிகளில் கடல் அடுக்குகளின் வயதை அம்மோனைட்டுகள் காட்டிக்கொடுக்கும். கல்லமேடு ஆற்றுப் படிவு, அங்கே அந்த வசதி இல்லை. கீழே கிரைஃபியா சிப்பிகள் நிறைந்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லும் அதன்மேல் ஓட்டக்கோயில் அடுக்கும், மேலே டேனியன் காலத்து நினியூர் அடுக்கும் இருப்பதால், இடைப்பட்ட கல்லமேட்டை மாஸ்ட்ரிக்டியன் என்கிறோம். 7.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நீளும் அக்காலத்தின் பிற்பகுதி எனலாம். அதற்குள் எந்த இடம் என்பதை இப்போதைக்குத் திறந்தே வைக்கிறேன்.