வெப்பமின் இழை

வெப்பமின் இழை என்பது, தன் இரு முனைகளுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை மின்னழுத்தமாக மாற்றும் வளையக்கூடிய நூல். உடல் சூட்டிலேயே உணரிகளை இயக்கும் ஆடைகளுக்காக இது ஆராயப்படுகிறது.

செயற்பாடு

1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. அறை வெப்பநிலையில் சிறந்து விளங்கும் பிஸ்மத் தெலுரைடு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 200 மைக்ரோவோல்ட் தரும். பி-வகைப் பொருளும் (நேர்மின் துளைகளால் கடத்துவது) என்-வகைப் பொருளும் (எலக்ட்ரான்களால் கடத்துவது) இணைந்த ஒரு சோடி அதைப்போல் இருமடங்கு தரும். ஒரு டிகிரி வேறுபாட்டில் ஒரு வோல்ட் பெற 2,500 சோடிகள் தேவை.

வடிவமைப்பு

இழை மின்சாரத்தை நன்கு கடத்தவும் வெப்பத்தைத் தடுக்கவும் வேண்டும். மடித்தாலும் துவைத்தாலும் கெடக் கூடாது. பிஸ்மத் தெலுரைடு நொறுங்கும் தன்மையது. அதைக் கண்ணாடி உறைக்குள் வைத்து, சூடாக்கி நீளமான இழையாக இழுப்பது ஒரு வழி. மின்கடத்தும் பாலிமரை நூலில் ஏற்றுவது மற்றொன்று. உடல் வெப்பம் துணியின் தடிமன் வழியே வெளியேறுகிறது. நூலோ துணியில் படுத்தவாக்கில் ஓடுகிறது. எனவே பின்னலும் தையலும் நூலைத் துணியின் குறுக்கே ஊடுருவச் செய்ய வேண்டும்.

பட்டு நூல்

சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரில் மல்பெரிப் பட்டு நூலைச் சாயம்போல் தோய்த்து, 40 மீட்டர் நீளம் வரை கடத்தும் நூல் செய்தனர். சலவை இயந்திரத் துவைப்பையும் உலர்சலவையையும் அது தாங்கியது. அதைக் கம்பளித் துணியில் பூத்தையலாக இட்டு, 26 பி-வகைக் கால்கள் (வெப்பமின் துண்டுகள்) கொண்ட மின்னாக்கியையும் அமைத்தனர்.

இத்தகைய நூலின் மூலப்பொருளான மல்பெரிப் பட்டைத் தமிழ்நாட்டில் விளைவிக்கும் பகுதிகளில் தருமபுரி மாவட்டமும் ஒன்று. இங்கு விவசாயிகள் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கின்றனர்; தருமபுரி நகரின் அரசு பட்டுக்கூடு அங்காடியில் கூடுகள் ஏலம் போகின்றன. இவற்றின் நூல் இன்று பெரும்பாலும் சேலைக்கே செல்கிறது.

வரம்புகள்

தோலுக்கும் துணிக்கும், துணிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பத்தடை, இழைக்குக் கிடைக்கும் வேறுபாட்டைக் குறைத்துவிடுகிறது. காற்றில் நிலைக்கும் என்-வகைப் பாலிமர்கள் அரிது. இதனால், கிடைக்கும் மின்திறன் சிறு உணரிகளுக்குப் போதுமே தவிர, கைபேசியை இயக்கப் போதாது.